நடை சரி, பளு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் உடற்பயிற்சி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை முழுக்க நடையைப் பற்றியே இருந்தது. நடப்பது நல்லதுதான், யார் மறுத்தார்கள்? பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குக் காலையில் போனால், எங்கள் வயதுக்காரர்கள் அதை ஒரு விரதம் மாதிரிக் கடைப்பிடிப்பது தெரியும். ஆனால் அவர்களில் பலர் சிமெண்டுப் பெஞ்சிலிருந்து எழும்போது முழங்காலில் கை ஊன்றித்தான் எழுகிறார்கள். வயதானால் தசை கரையும். அதை நடை மட்டும் தடுத்துவிடாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாள் கால், இடுப்பு, முதுகு, மார்பு, தோள், கை எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. கீழே விழாமல் இருக்க, உடலின் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சிகள் 3 நாளாவது வேண்டுமாம். தினமும் செய்யலாமே என்பார்கள் சிலர். அவசியமில்லை. ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாளில் வேலை கொடுக்காமல், நடுவே ஒரு நாள் ஓய்வு விடுவதுதான் முறை. வலுவூட்டும் பயிற்சியைத் திங்கள், வியாழன் என்று வைத்துக்கொண்டால் போதும்; சமநிலைப் பயிற்சியை மற்ற நாளிலும் செய்யலாம். ஆனால் விட்டுவிடக் கூடாது. 1990-இல் பாஸ்டனில் தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகளுக்கு 8 வாரம் பளுப் பயிற்சி கொடுத்தபோது, அவர்களின் கால் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. நிறுத்திய 4 வாரத்தில் அதில் ஒரு பங்கு போயும்விட்டது.

பெண்கள் பாடு இன்னும் மோசம். மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் மடியில் தட்டோடு உட்கார்ந்து பீடி சுற்றியே வயதானவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "நாள் பூரா வேலை பாக்கேன், எனக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" என்பார்கள். விரலுக்கு வேலை இருந்தது, தொடைக்கு ஏது? முழங்கால் வலிக்கிறது என்று அசையாமல் இருப்பவர்களுக்குத்தான் தொடை வலு அதிகம் தேவை.

ஜிம்முக்குப் போகச் சொல்லவில்லை. கைப்பிடியைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், குதிகாலை உயர்த்தி இறக்குவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு தடவை. மூச்சை அடக்கக் கூடாது. எளிதாகிவிட்டால் பளுவைக் கூட்ட வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும், கண்புரை அறுவை சிகிச்சை முடித்த கையோடு இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

2023-இல் அரசு மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அறிவித்தது. நல்ல காரியம். அந்தப் பாதையோரம் நாலு உறுதியான நாற்காலியும், வாரம் இரண்டு காலை சொல்லிக்கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் இருந்தால் என்ன? அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் படுத்த படுக்கையானவர்களின் வீடு தேடிப் போகிறார்கள். படுக்கையில் விழும் முன்பே எங்களையும் கொஞ்சம் பார்க்கலாமே.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். இந்தப் பயிற்சிகளைப் படத்தோடு அரைப்பக்கம் போடுங்கள். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
பாளையங்கோட்டை.