எங்கள் அமைப்புக் கோப்புகளைத் தொடும் முன்: லினக்ஸ் செயலி எழுதுவோருக்கும் பொதி பராமரிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிரலாளர்களுக்கும், செயலிகளை நிறுவத்தக்க பொதிகளாக்கித் தரும் பொதி பராமரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

14 ஆண்டுகளாக ஒரே ஹோம் அடைவை (என் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) வைத்துக்கொண்டு லினக்ஸில் வேலை செய்துவருகிறேன். இதற்குள் மூன்று கணினிகள் மாறிவிட்டன, லினக்ஸ் வழங்கலும் (டெபியன் போன்ற தொகுப்பு) இரண்டு முறை மாறியது. டாட்ஃபைல்கள் என்று நாம் சொல்லும், செயலிகளுக்கான என் விருப்பங்களைக் குறித்துவைக்கும் அமைப்புக் கோப்புகள் மட்டும் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குக் கைமாறி வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றி வைப்பதில் எங்களைப் போன்றவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி உங்கள் சில பழக்கங்களால் வருவது, அவற்றை மாற்றுவதும் உங்களுக்குக் கடினமன்று என்பதால் இம்மடலை எழுதுகிறேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது தெரியும். ஆனால் மாடு வீட்டுக்கு வந்து இத்தனை ஆண்டுகள் ஆனபின் தொழுவத்தைப் பற்றிப் பேசலாம் அல்லவா?

என் அமைப்புக் கோப்புகளை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் களஞ்சியத்தில் வைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஒரு செயலியில் ஒரே ஒரு விசைக் குறுக்குவழியை மாற்றிவிட்டு மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தபோது, அந்தக் கோப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள் மாறியிருந்தன. சாளரத்தின் அகலம், உயரம், கடைசியாகத் திறந்த அடைவு, அண்மையில் பார்த்த கோப்புகளின் பட்டியல், புதிய பதிப்பு உண்டா என்று கடைசியாகத் தேடிய நேரம் ஆகிய அனைத்தும் அங்கே இருந்தன. அவற்றின் நடுவே, நான் முடிவெடுத்து மாற்றிய அந்த ஒரு வரி. நான் தேர்ந்தெடுத்ததும் செயலி தன் வசதிக்காகக் குறித்துக்கொண்டதும் ஒரே கோப்பில் கலந்துவிட்டால், அந்தக் கோப்பை இரண்டு கணினிகளுக்கிடையே பகிர முடிவதில்லை. மடிக்கணினியின் சாளர அளவு மேசைக் கணினிக்குப் போய், அங்கிருந்து வேறொன்றாகத் திரும்பி வருகிறது. பயர்பாக்ஸின் பிரெஃப்ஸ் டாட் ஜேஎஸ் கோப்பும் இப்படிப்பட்ட கலவைதான் என்றாலும், பயனர் தாமே எழுதி வைக்கும் யூசர் டாட் ஜேஎஸ் என்ற தனிக் கோப்பையும் அது படிக்கிறது. அந்த ஏற்பாடு ஒன்றே எத்தனையோ பேருடைய நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

இதற்கான விதி புதிதாக எழுதப்பட வேண்டியதில்லை. லினக்ஸ் செயலிகள் எந்தக் கோப்பை எங்கே வைக்கவேண்டும் என்று சொல்லும் எக்ஸ்டிஜி அடிப்படை அடைவு விவரக்குறிப்பு, அமைப்புக்கு ஓர் இடம், தரவுக்கு ஓர் இடம், தற்காலிகச் சேமிப்புக்கு ஓர் இடம் என்று நெடுங்காலமாகப் பிரித்துச் சொல்லிவருகிறது. நான் மேலே சொன்ன சாளர அளவு போன்ற நிலைத் தகவல்களுக்கென்று லோக்கல் அடைவுக்குள் ஸ்டேட் என்ற தனி அடைவை 2021இல் அதில் சேர்த்தும் விட்டார்கள். ஹோம் அடைவின் உச்சியிலேயே புள்ளி வைத்த கோப்புகளைக் கொட்டும் வழக்கமோ யாரும் திட்டமிட்டு உருவாக்கியதன்று. நடப்பு அடைவையும் மேலடைவையும் குறிக்கும் பெயர்களைப் பட்டியலிலிருந்து மறைக்க எல்எஸ் கட்டளையில் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் சோதித்த குறுக்குவழியின் விளைவே அது என்று பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012இல் எழுதினார். தற்செயலாக முளைத்ததை மரபு என்று சொல்லிக்கொண்டு இன்றைக்கு எழுதும் புதிய செயலியிலும் தொடர்வது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது, முதன்முறை இயக்கும்போதே தன் இயல்பிருப்பு மதிப்புகள் (பயனர் எதுவும் சொல்லாதபோது கொள்பவை) அனைத்தையும் முந்நூறு வரிக் கோப்பாக என் அடைவில் எழுதிவைக்கும் செயலிகள். நிறுவியவருக்கு உதவட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால், எந்த வரியை நான் எழுதினேன், எதை நீங்கள் எழுதினீர்கள் என்று எனக்கே தெரிவதில்லை. நீங்கள் பிறகு இயல்பிருப்பை மேம்படுத்தினாலும் அது எனக்கு வந்து சேர்வதில்லை, ஏனெனில் பழைய மதிப்பு என் விருப்பம் என்ற வேடத்தில் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. க்னோம் சூழலின் அமைப்புகளைச் சேமிக்கும் டிகான்ஃப் தன் தரவுகளை உரையாகப் படிக்க முடியாத இருமக் கோப்பில் வைப்பது எனக்குப் பிடிக்காவிட்டாலும், இந்த ஒரு விஷயத்தில் அது சரியாக நடந்துகொள்கிறது: டிகான்ஃப் டம்ப் என்ற கட்டளையைக் கொடுத்தால் இயல்பிருப்பிலிருந்து மாற்றப்பட்டவை மட்டுமே வருகின்றன.

பொதி பராமரிப்பாளர்களுக்கு வருகிறேன். டெபியன் வழியில் வந்த கணினிகளில் மேம்படுத்தலின் நடுவே பொதிகளை நிறுவும் டிபிகேஜி கருவி நின்று, இந்தக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பொதியோடு புதிய பதிப்பும் வந்திருக்கிறது, எதை வைத்துக்கொள்ள என்று கேட்கும். கேட்பது நல்லதே, எதுவும் சொல்லாவிட்டால் என் கோப்பையே வைத்துக்கொள்வதும் நல்லதே. ஆனால் டி விசையை அழுத்தினால் கிடைப்பது என் கோப்புக்கும் புதிய கோப்புக்கும் உள்ள வேறுபாடு. நான் என்ன மாற்றினேன் என்பது எனக்குத் தெரியும். உங்கள் பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் இடையே என்ன மாறியது என்பதே எனக்குத் தெரியவேண்டியது. யுசிஎஃப் என்ற கருவி பழைய மூலத்தையும் சேர்த்து மும்முனை ஒப்பீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. அது விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாக வேண்டும். ஆர்ச் லினக்ஸின் பொதிக் கருவி பேக்மேன் புதியதை பேக்நியூ என்ற பின்னொட்டோடும், ஃபெடோரா போன்றவற்றின் ஆர்பிஎம் சில நேரம் ஆர்பிஎம்நியூ என்றும் சில நேரம் என் கோப்பையே ஆர்பிஎம்சேவ் என்று நகர்த்தியும் வைத்துவிட்டு, ஒரு வரி எச்சரிக்கையோடு போய்விடுகின்றன. இருநூறு பொதிகளின் வரிகளோடு அந்த ஒரு வரியும் திரையில் ஓடி மறைந்துவிடுகிறது.

ஒருமுறை நள்ளிரவு மேம்படுத்தலில் அவசரப்பட்டு மூடியைச் சாத்தினால் என்ன செய்வது என்று தீர்மானிக்கும் லாகின்ட் சேவையின் அமைப்புக் கோப்பைப் பற்றிய கேள்விக்கு, புதியதையே வை என்று பொருள்படும் ஒய் அழுத்திவிட்டேன். மடிக்கணினியின் மூடியைச் சாத்தினாலும் உறக்கத்துக்குப் போகக் கூடாது என்று நான் எழுதிவைத்திருந்த வரி அதோடு போயிற்று. மறுநாள் இரவு காப்புநகல் எடுக்கத் தொடங்கிவிட்டு மூடியைச் சாத்தினேன். காலையில் பார்த்தால் பாதியில் நின்றிருந்தது. பிழை என்னுடையதுதான், பழைய கோப்பும் டிபிகேஜி-ஓல்ட் என்ற பின்னொட்டோடு பத்திரமாகவே இருந்தது. ஆனால் அந்த ஒரு வரியை முழுக் கோப்புக்குள் எழுதாமல், லாகின்ட் உள்ளிட்ட சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி அனுமதிக்கும் துணையடைவில் தனிக் கோப்பாக வைத்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. உங்களுடையது யுஎஸ்ஆர் அடைவில், என்னுடையது எட்சி அடைவில், இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று காட்ட சிஸ்டம்டி-டெல்டா கட்டளை: சிஸ்டம்டியைப் பற்றி எத்தனை சண்டை போட்டாலும், இந்த ஏற்பாட்டை மற்றவர்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ளும்போது ஒரு வேண்டுகோள். தொலைக் கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் 2020இல் வந்த 8.2 பதிப்பிலிருந்து அதன் சேவையக அமைப்பிலும் துணைக் கோப்புகளைச் சேர்க்க இடம் தருகிறது. ஆனால் சிஸ்டம்டியில் பெயர் வரிசையில் பின்னால் வரும் கோப்பின் மதிப்பு முன்னதை மாற்றும். எஸ்எஸ்எச் சேவையகத்திலோ முதலில் கண்ட மதிப்பே நிலைக்கும். ஆகவே இதுவே கடைசி வார்த்தையாக இருக்கட்டும் என்று 99 என்ற எண்ணோடு நான் தொடங்கிய கோப்பு, ஓரிடத்தில் கடைசி வார்த்தையாகவும் இன்னோரிடத்தில் யாரும் கேட்காத வார்த்தையாகவும் முடிகிறது. எந்த முறையை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இறுதியில் எந்த மதிப்பு நடைமுறையில் இருக்கிறது, அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று கேட்டால் செயலி சொல்லவேண்டும். கிட் 2016 முதல் ஷோ-ஆரிஜின் என்ற தெரிவின் மூலம் இதைச் செய்துவருகிறது.

வடிவம் மாறுவதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. அலக்ரிட்டி முனையம் 2023 இறுதியில் யாமல் என்ற கோப்பு வடிவத்திலிருந்து டாமல் வடிவத்துக்கு மாறியபோது, பழைய கோப்பை மாற்றித் தரும் கட்டளையையும் கூடவே தந்தது. ஒலி, காணொளி இணைப்புகளை நிர்வகிக்கும் வயர்பிளம்பர் 2024இல் 0.5 பதிப்பில் லுவா நிரல்மொழியில் எழுதிய அமைப்புக் கோப்புகளைக் கைவிட்டது. பழைய கோப்புகள் அடைவில் இருந்தாலும் அவற்றை இனி அது படிப்பதில்லை. மாறுவதற்கு உங்களுக்குக் காரணங்கள் இருக்கும். படிக்காமல் விட்ட கோப்பையோ புரியாத வரியையோ பெயர் சொல்லி அறிவியுங்கள் என்பதே நான் கேட்பது. மாற்றித் தரும் கருவி எழுதுவோர் கருத்துரைகளையும் தயவுசெய்து கொண்டுபோய்ச் சேருங்கள். "இதை நீக்கினால் வெளித்திரை அணைகிறது" என்று ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிவைத்த குறிப்பு இல்லாவிட்டால், அதன் கீழுள்ள வரி ஏன் இருக்கிறது என்று உலகில் எவருக்கும் தெரியாது. (அந்தக் கோளாறு கர்னலில் எப்போதோ சரியாகிவிட்டது, அந்த வரியை நான்தான் நீக்காமல் வைத்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

நிக்ஸ்ஓஎஸ், செஸ்மாய், ஸ்டோ, ஆன்சிபிள் என்று அமைப்புகளைக் கையாளும் கருவிகள் இருக்கும்போது புலம்புவானேன் என்று கேட்பீர்கள். இவற்றில் இரண்டை நாள்தோறும் பயன்படுத்துகிறேன். அவற்றையும் தோற்கடிப்பது இதே பழக்கங்கள்தான். ஸ்டோ என் களஞ்சியத்திலுள்ள கோப்புக்கு ஹோம் அடைவில் ஒரு குறியிணைப்பை வைக்கிறது. செயலியோ சேமிக்கும்போது தற்காலிகக் கோப்பொன்றை எழுதி அதைப் பழைய பெயருக்கு நகர்த்துகிறது, இணைப்பு அழிந்து அங்கே வெறும் கோப்பு நிற்கிறது. அதன்பின் நான் மாற்றுவது எதுவும் களஞ்சியத்துக்கு வருவதில்லை, அதை நான் உணர்வதற்குள் சில மாதங்கள் ஓடிவிடுகின்றன. நகர்த்தும் முன் இணைப்பின் முனையைக் கண்டு அங்கே எழுதினால் போதும். நிக்ஸ் வழியில் வைத்த கோப்போ எழுத முடியாதது. தன் சாளர அளவை அதில் எழுதியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் செயலி அங்கே பிழை காட்டி நிற்கிறது.

இவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்ய முன்வருவோர் சோதிப்பதற்குப் பழைய கோப்புகள் கிடைப்பதில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். என்னிடம் 14 ஆண்டுக் களஞ்சியம் இருக்கிறது. கடவுச்சொற்களை நீக்கிவிட்டு, எந்தச் செயலியின் எந்தப் பதிப்புக்கான கோப்பு வேண்டுமோ அதை எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் பயனர் ஒருவர்