தம்பிக்கு, மாத்திரைகள் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். மெல்போர்னில் குளிர் தொடங்கியிருக்கும். சின்னவளுக்கு நெஞ்சுச் சளி கட்டாமல் பார்த்துக்கொள். உனக்கு வேலை அதிகம் என்று அக்கா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்காக இதை எழுதவில்லை.

மாத்திரைகளைக் குறைத்த விவரத்தை அக்கா உன்னிடம் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறாள். 'அம்மாவுக்கு வாழும் ஆசையே விட்டுப்போய்விட்டதா' என்று அவளிடம் கேட்டாயாம். என்னிடமே கேட்டிருக்கலாம். ஆசை இருப்பதால்தான் டாக்டரிடம் போனேன்.

குளியலறை வாசலில் நான் விழுந்ததை 'வயசு' என்று எல்லோரும் விட்டுவிட்டீர்கள். கிண்டியில் 2024-இல் முதியோருக்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தார்களே, அங்கே அக்கா அழைத்துப் போனாள். டாக்டர் ஒரு சின்னப் பெண். மருந்துப் பையை மேஜைமேல் கொட்டச் சொன்னார். ஒவ்வொரு அட்டையாக எடுத்து, இது எதற்கு, யார் எழுதியது, எப்போதிலிருந்து என்று கேட்டார். பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. படுக்கவைத்து பிரஷர் பார்த்தார், 138. எழுந்து நிற்கவைத்துப் பார்த்தார், 112. "இதுதாம்மா உங்களைத் தள்ளிவிட்டது" என்றார்.

பிரஷருக்குச் சாப்பிட்ட அம்லோடிபின் கணுக்காலை வீங்கவைத்திருக்கிறது. அந்த வீக்கத்துக்கு இன்னொரு டாக்டர் நீர் பிரியும் மாத்திரை எழுதினார். அது ராத்திரியெல்லாம் என்னை எழுப்பியது. இருட்டில் எழுந்து நடந்தேன், விழுந்தேன். ஒன்றின் கெடுதலுக்கு இன்னொன்று! எழுதியவர்கள் பலர், நிறுத்தியவர் ஒருவருமில்லை. இப்போது அம்லோடிபின் பாதி அளவு, நீர் மாத்திரை இல்லை. கால் வீக்கம் வடிந்துவிட்டது. சர்க்கரை மாத்திரை அப்படியே தொடர்கிறது, பயப்படாதே.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிட்ட ஆஸ்பிரினையும் டாக்டர் நிறுத்திவிட்டார். இதில்தான் உனக்குக் கோபம் என்று நினைக்கிறேன். இதய நோய் வராத முதியவர்கள், பெரும்பாலும் 70 வயது கடந்தவர்கள், 19,000 பேருக்கு மேல் வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்ததாம். பலர் உன் ஆஸ்திரேலியாக்காரர்கள். நடத்தியது உன் ஊர் மோனாஷ் பல்கலைக்கழகம். 2018-இல் முடிவு வந்தது: தினம் ஆஸ்பிரின் சாப்பிட்டதால் நலமாக வாழும் காலம் கூடவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு நிறுத்தக் கூடாது என்றும் அழுத்திச் சொன்னார். ஸ்டென்ட் வைத்திருக்கும் எதிர்வீட்டு மாமாவிடம் நான் வாயே திறக்கவில்லை.

மாமி வேறு மாதிரி சொல்கிறாள். "மாத்திரையை நிறுத்துகிறார்கள் என்றால் நம்மைக் கைகழுவிவிட்டார்கள் என்று அர்த்தம்" என்கிறாள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. நம் பழைய டாக்டர் எழுதியதை இன்னொருவர் அடித்தால் அவர் மனம் நோகுமே என்றும் தயங்கினேன். சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு, சரிதான் என்றார்.

அப்பா செய்தது வேறு, தம்பி. யாரையும் கேட்காமல், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று மாத்திரைகளை ஒரே நாளில் விட்டார். அன்று காலை ஆம்புலன்சில் ஏறியபோது உன் முகம் இருந்த இருப்பு எனக்கு மறக்காது. நான் அப்படி விடுவேனா? தூக்க மாத்திரையைக்கூட ஒரேயடியாக விடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா போன சமயத்தில் பதினைந்து நாளைக்கு என்று கொடுத்தது, இத்தனை வருஷம் ஓடிவிட்டது. இப்போது பாதி. நடுக்கோட்டில் நகத்தை வைத்து அழுத்தினால் ஒரு பக்கம் பொடிந்துபோகிறது. அதனால் வெட்டும் கருவி ஒன்று வாங்கினேன். இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனால் காலையில் தலை கிறுகிறுப்பில்லை. குறுக்கெழுத்தை முழுவதும் போடுகிறேன்.

மாதம் தவறாமல் மருந்துக்குப் பணம் அனுப்புகிறாய். கடைக்காரரே உன்னைப் புகழ்வார், எனக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் போனில் முதல் கேள்வி "மாத்திரை போட்டாயா". சாப்பிட்டாயா என்பது அப்புறம், சில நாள் அதுவும் இல்லை. அட்டைகள் குறைந்ததால் நீ என்னைக் கவனிப்பது குறைந்துவிடாது, தம்பி. அப்படி நினைத்துத்தான் பேசாமல் இருக்கிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லையென்றால் சரி.

அடுத்த மாதம் மறுபடி வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பிரஷர் ஏறினால் பழைய அளவுக்கே போகலாம், கல்வெட்டில் ஒன்றும் எழுதவில்லை. தினமும் காலையில் பார்த்து நோட்டில் குறித்துவைக்கிறேன். உன் சந்தேகங்களை எழுதி அனுப்பு, அப்படியே கேட்கிறேன். நீயே பேச வேண்டுமென்றால் அக்கா அந்த நேரத்தில் உனக்குப் போன் போடுவாள். அந்த விட்டமின் புட்டிகளை மட்டும் இனி அனுப்பாதே, கேட்காமல் எதையும் சேர்க்க வேண்டாம் என்றிருக்கிறார்.

மருமகளுக்கு என் ஆசி. சின்னவளை ஒரு வரி தமிழில் எழுதச் சொல்.

அன்புடன்,
அம்மா