நன்கொடை அனுப்புமுன் பார்க்க வேண்டிய கணக்கு

தெம்பனிஸ், சிங்கப்பூர்

அன்பு நண்பா,

பினாங்கிலிருந்து நீ அனுப்பிய கட்டு வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் நலம். என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது துணையின்றி ஈரச்சந்தைவரை நடந்து போய் வருகிறாள். பேத்திக்கு இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அதனால் மாலையில் வீட்டில் தொலைக்காட்சிக்கு இடமில்லை. நீ அனுப்பிய மூன்றாண்டுக் கணக்கறிக்கைகளை வரிவரியாகப் படிக்க எனக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று.

நம் உமறுப் புலவர் பள்ளித் தோழர்கள் சேர்த்து வைத்திருக்கும் தொகையை, தென்தமிழ்நாட்டில் குழந்தைக் கடத்தலைத் தடுக்கும் அந்த அறக்கட்டளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் நம்மவர்கள் கேட்கும் கேள்வியை வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வர முடியாது. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: நூறு வெள்ளி கொடுத்தால் பிள்ளைகளுக்கு எத்தனை வெள்ளி போய்ச் சேரும், நிர்வாகச் செலவு எத்தனை விழுக்காடு?

இந்தக் கேள்வி நமக்குள் எப்படி ஊறிப்போனது என்பது உனக்கே தெரியும். 2005ஆம் ஆண்டு ஜூலையில் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்தபோது, அதன் தலைமை நிர்வாகியின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 600,000 வெள்ளி என்பதும், தங்க முலாம் பூசிய குளியலறைக் குழாயும் தீவு முழுவதும் பேச்சாயின. அதன் பிறகுதான் அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை 2007இல் வந்தது. நிதி திரட்டும் செலவு திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்னும் விதியைக் காப்பிக்கடையில்கூட மேற்கோள் காட்டக் கற்றுக்கொண்டோம். குழாய் நம் நினைவில் தங்கிவிட்டது. ஆனால் அதே வழக்கில், எத்தனை நோயாளிகளைக் கவனிக்கிறோம் என்பதையும் கையிலுள்ள சேமநிதி எத்தனை ஆண்டுக்குப் போதும் என்பதையும் அந்த நிறுவனம் பொதுமக்களுக்குத் தவறாகச் சொல்லிவந்தது என்பதும் வெளிவந்தது. தணிக்கைக்காரனான எனக்கு அப்போதும் இப்போதும் குழாயைவிட இந்த இரண்டும்தான் பெரிய குற்றமாகத் தோன்றுகின்றன. நீ அனுப்பிய கட்டையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

முதலில் அந்த விழுக்காட்டை முடித்துவிடுகிறேன். இந்தியாவில் வெளிநாட்டுப் பணம் பெறும் அமைப்புகளுக்கு அது சட்டமாகவே இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் நிர்வாகச் செலவுக்கு 50 விழுக்காடுவரை இடம் கொடுத்திருந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 20 விழுக்காடாகக் குறைத்தது. ஆகவே அவர்கள் அறிக்கையில் அந்தச் செலவு 20க்குக் கீழே இருப்பதைக் கண்டு மெச்ச ஒன்றுமில்லை. எதையெல்லாம் நிர்வாகச் செலவு என்று எழுத வேண்டும் என்பதற்கு விதிகளில் ஒரு பட்டியல் உண்டு: அலுவலக வாடகை, கணக்கு வைக்கும் செலவு, வண்டிப் பராமரிப்பு, அறிக்கை எழுதி அனுப்பும் செலவு, வழக்கறிஞர் போன்றோருக்கான கட்டணம் எல்லாம் அதில் வருகின்றன. அமைப்பின் நோக்கத்துக்காகவே நேரடியாகச் செய்யும் செலவை விலக்கிக்கொள்ளலாம் என்றும் அதே விதி சொல்கிறது. இந்தத் துறையிலோ வேலை என்பதே வண்டியும் வழக்கும் அறிக்கையும்தான். உசிலம்பட்டிப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் வடமாநில முறுக்குப் பட்டறை ஒன்றிலிருந்து மீட்கப்பட்டான் என்றால், அங்கே நடக்கும் வழக்கில் சாட்சி சொல்ல அவனையும் அவன் தாயையும் ரயிலில் அழைத்துப்போக வேண்டும். விசாரணை தள்ளிப்போனால் மறுபடியும் அழைத்துப்போக வேண்டும். அந்தச் செலவை ஒரு தணிக்கையாளர் திட்டச் செலவாக எழுதுவார், இன்னொருவர் நிர்வாகச் செலவாக எழுதுவார், இருவர் கணக்கும் சட்டப்படி சரியாகவே இருக்கும். இப்படி எழுதுபவரின் பேனாவைப் பொறுத்து மாறும் ஓர் எண்ணை வைத்து இரண்டு அமைப்புகளை ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. அமெரிக்காவில் அறநிறுவனங்களைப் பற்றிய தகவலும் மதிப்பீடும் தரும் கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்றுமே 2013இல் நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, இந்த ஒரு விழுக்காட்டை மட்டும் வைத்து எடைபோட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டன. அப்படி எடைபோட்டு மதிப்பீடு வெளியிட்டுவந்தவர்களும் சேர்ந்தே இதைச் சொன்னார்கள் என்பதால் அதை நான் பொருட்படுத்துகிறேன்.

என்னை உறுத்தியது அறிக்கையின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'கடத்தலிலிருந்து தடுக்கப்பட்ட பிள்ளைகள்' என்னும் எண்தான். மொத்தச் செலவை அதனால் வகுத்து, ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் நடக்காமல் போன ஒன்றை எப்படி எண்ணுவது? நம் அடுக்குமாடி வீடுகளின் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்துவைத்ததால் டெங்கி வராமல் போனவர் யார் என்று யாராலும் பெயர் சொல்ல முடியாதல்லவா, அதே சிக்கல்தான். ரயில் நிலைய உதவி மையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் தனியாக நிற்கும் பிள்ளைகளைக் கண்டு பேசி, குழந்தைகள் நலக் குழுவிடம் சேர்ப்பது இவர்களுடைய முக்கியமான வேலை. அப்படிக் கிடைக்கும் பிள்ளைகளில் வீட்டில் அடி வாங்கிக் கோபித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள் உண்டு, கூட்டத்தில் வழிதவறியவர்கள் உண்டு, மாமாவோடு ஊருக்குப் போகிறவர்களும் உண்டு; தரகர் தாய்தகப்பனிடம் முன்பணம் கொடுத்துவிட்டு அழைத்துப்போகும் பிள்ளையும் அவர்களுக்கு நடுவே நிற்கிறது. இவர்கள் எல்லாரையும் ஒரே எண்ணுக்குள் போட்டால் எண் பெரிதாகும், தலைக்கு ஆகும் செலவு சிறிதாகும், நன்கொடையாளர் மனம் குளிரும்.

ஓர் உதாரணத்துக்கு, 10 லட்சம் ரூபாய் செலவில் 1,000 பிள்ளைகளைத் தடுத்ததாக ஓர் அமைப்பு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 1,000 ரூபாய் ஆகிறது. அந்த 1,000 பேரில் இருபதில் ஒருவர்தான் உண்மையில் தரகர் கையில் சிக்கியிருப்பார் என்றால் ஒரு பிள்ளைக்கு ஆன செலவு 20,000 ரூபாய். நூறில் ஒருவர் என்றால் ஒரு லட்சம். ஒரு லட்சம் ரூபாயில் ஒரு பிள்ளை கொத்தடிமை வாழ்விலிருந்து தப்பியது என்றாலும் நான் முகம் சுளிக்காமல் கொடுப்பேன். அந்த விகிதத்தைப் பற்றி அவர்கள் யோசித்துப் பார்த்தார்களா என்பதுதான் எனக்கு வேண்டும். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் எழுதிவைத்த குறிப்பில், உடன் வந்தவர் யார், வீட்டுக்குப் பணம் கைமாறியதா, வயதுச் சான்று திருத்தப்பட்டிருந்ததா, போகும் இடத்தின் முகவரி ஒருவருக்காவது தெரியுமா, காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவானதா என்ற விவரங்கள் இருந்தால், எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்து இருந்தது என்று தரம் பிரிக்க முடியும். ஐக்கிய நாடுகள் சபை 2000ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட, ஆள்கடத்தலுக்கு எதிரான பலெர்மோ நெறிமுறைப்படி, 18 வயதுக்குட்பட்டவரைச் சுரண்டுவதற்காக ஆள்சேர்த்தாலோ கொண்டுபோனாலோ அதுவே கடத்தல்; ஏமாற்றியதையோ மிரட்டியதையோ தனியாக நிறுவ வேண்டியதில்லை. அதனால் பிள்ளை தானாக விரும்பித்தான் போனது என்ற காரணத்தால் எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடவும் கூடாது. சுரண்டும் நோக்கத்துக்கு என்ன அடையாளம் கிடைத்தது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

மறுபக்கம், இவர்களுடைய வேலையில் பெரும்பகுதி கணக்கில் வராமலேயே போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கான 2016ஆம் ஆண்டு மத்திய அரசுத் திட்டப்படி, குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் 2 லட்சம் ரூபாயும், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம் ரூபாயும் உண்டு. ஆனால் கோட்டாட்சியரோ ஆட்சியரோ விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். உடனடி உதவித்தொகை போக மீதி பெரும்பாலும் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதைப் பொறுத்திருக்கிறது. பெற்றோரோடு வைத்தே பிள்ளையைப் படிக்கவைக்க, மிஷன் வாத்சல்யா என்னும் அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். இந்தப் பணமெல்லாம் அரசிடமிருந்து நேரே பிள்ளையின் அல்லது குடும்பத்தின் கணக்குக்குப் போவதால் அறக்கட்டளையின் வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை. அந்தச் சான்றிதழுக்காகவும் விண்ணப்பத்துக்காகவும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய களப்பணியாளரின் சம்பளம் மட்டும் செலவுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. 'சம்பளத்துக்கே பாதி போகிறதே' என்று நம் நண்பர்கள் முணுமுணுப்பார்கள். அந்தச் சம்பளம்தான் வேலை என்று அவர்களிடம் நீ சொல்ல வேண்டும். எத்தனை சான்றிதழ் வாங்கிக் கொடுத்தார்கள், அதனால் பிள்ளைகளுக்கு வந்த தொகை எவ்வளவு என்று ஒரு தனிப் பக்கம் அறிக்கையில் இருந்திருக்கலாம். அது இல்லாதது அவர்களுக்கே நட்டம்.

குழந்தைகள் காப்பு இல்லங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. தங்கும் பிள்ளைகளின் தலையை எண்ணிப் பணம் வரும் எந்த இல்லத்துக்கும் கட்டில்களை நிரப்பி வைத்திருக்கும் ஆசை வரும். பீகாரின் முசாஃபர்பூர் இல்லத்தில் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமை 2018இல் வெளிவந்ததற்குக் காரணம் டாடா சமூக அறிவியல் கழகம் நடத்திய சமூகத் தணிக்கை. அதன் ஆட்கள் இல்லங்களுக்கு நேரில் சென்று பிள்ளைகளோடு பேசினார்கள். வரவு செலவைச் சரிபார்க்கும் என்னைப் போன்றவர்கள் பற்றுச்சீட்டைப் பார்ப்போமே தவிர, பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. நல்லவேளையாக, இந்த அறக்கட்டளைக்குச் சொந்த இல்லம் இல்லை. பிள்ளைகளைக் குடும்பத்துக்கே திருப்பி அனுப்பி, வீட்டுக்குப் போய்ப் பார்த்துவருகிறார்கள். என் முடிவில் பாதிக்கு மேல் இதுவே காரணம். இன்னொன்று, அவர்கள் கையேட்டில் மீட்கப்பட்ட பிள்ளைகளின் முகமோ பெயரோ எங்கும் இல்லை. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. நன்கொடைக்காக அழும் பிள்ளையின் படத்தைப் போடும் அமைப்பு கணக்கில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நான் ஒதுக்கிவிடுவேன்.

மார்ச் மாதத்தில் அவர்கள் செலவு திடீரென்று ஏறுவதை நீ வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறாய். அதில் சூது எதுவும் எனக்குத் தெரியவில்லை. அங்கே நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 விழுக்காட்டைப் பொதுவாக அந்த ஆண்டுக்குள்ளேயே அறப்பணிக்குச் செலவிட வேண்டும். கையிருப்பு மெலிந்திருப்பதற்கும் அதுவே பெரிய காரணம். நம் ஊர் அறநிறுவனத்தின் சேமநிதியைப் பார்த்த கண்ணுக்கு அது ஏழ்மையாகத் தெரிகிறது. எனக்குக் கவலை தந்த வரி வேறு: அறங்காவலர் ஒருவரின் உறவினருக்குச் சொந்தமான கட்டடத்துக்கு வாடகை கொடுக்கிறார்கள். தவறு என்று இப்போதே சொல்ல மாட்டேன். அந்தத் தெருவில் வாடகை என்ன, அந்த அறங்காவலர் இல்லாமல் கூடி முடிவெடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் அனுப்பும் வழியில் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களான நம் பணம் இந்தியச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுப் பங்களிப்பு. அது புதுடில்லி நாடாளுமன்றத் தெருவிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அவர்களுக்கு உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். நம் குழுவில் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நண்பர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுப்பது அந்த வகையில் சேராது. அதற்காக நம் எல்லாருடைய பணத்தையும் அவர் பெயரில் அனுப்பலாம் என்று யாரோ யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறாய்; அது கூடவே கூடாது, மாட்டிக்கொள்ளப்போவது அறக்கட்டளைதான். வெளிநாட்டுப் பணத்தை வேறு அமைப்புக்குக் கைமாற்றுவதும் 2020 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால், களத்தில் வேலை செய்வது இவர்களேதானா என்று உறுதி செய்துகொள். இங்கே பொதுமக்களிடம் உண்டியல் ஏந்தினால் அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். ஆகையால் ஒவ்வொருவரும் தம் பங்கைத் தாமே நேராக அனுப்பிவிடுவது எளிது. அதற்கென அங்கீகாரம் பெற்ற உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுத்தால் கிடைக்கும் 250 விழுக்காடு வரிக்கழிவு இதற்குக் கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடு, பிறகு மனக்கசப்பு வேண்டாம்.

என் யோசனை இது: சேர்ந்திருக்கும் தொகையை மூன்றாகப் பிரித்து மூன்று ஆண்டுகளுக்குக் கொடுப்போம், இன்ன திட்டத்துக்கு மட்டும் என்று கட்டிப்போடாமல் கொடுப்போம். வழக்கு முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும்போது ஒரே தவணையில் வாங்கும் பணத்தை நம்பி அவர்களால் ஓர் ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது. முதல் தவணைக்கு முன்பு அந்த வாடகை விவரத்தையும், தடுக்கப்பட்டதாகச் சொல்லும் பிள்ளைகளை ஆபத்தின் அளவுப்படி பிரித்த பட்டியலையும், ஆறு மாதம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது எத்தனை பேர் பள்ளியில் இருந்தார்கள் என்பதையும் கேட்டு எழுது. ஆறு மாதத்துக்குப் பிறகு சிலரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பதில் வந்தால் தயங்காதே, அது நேர்மையான பதில். எல்லாரும் நலமாகப் படிக்கிறார்கள் என்று வந்தால் என்னைக் கூப்பிடு, இருவருமாக இன்னொரு கடிதம் எழுதுவோம். பிள்ளைகளின் பெயர் எதையும் அவர்கள் அனுப்ப வேண்டியதில்லை என்பதை மறக்காமல் குறிப்பிடு.

உன் மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பள்ளித்தோழன்