ஊர் திரும்பும் செப்புக்காசுக்கு இவ்வளவு வரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பழைய செப்புக்காசு சேர்ப்பது இளவயதிலிருந்தே பழக்கம். வெளிநாட்டிலிருந்து வாங்கும் காசுக்கு இறக்குமதி வரியும் கூரியர் கட்டணமும் போடுகிற முறையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். போன மாதம் கைக்கு வந்த பில் எழுத வைத்துவிட்டது.

இங்கிலாந்தில் உள்ள ஒரு வியாபாரியிடம் பாண்டியர் செப்புக்காசு ஒன்று வாங்கினேன். காசின் விலை 22 பவுண்ட், அனுப்பும் கூலி இன்னொரு 22 பவுண்ட். காசின் விலை நம் பணத்தில் 2,500 ரூபாய் சொச்சம். கூலியும் அதே அளவு என்று தெரிந்துதான் வாங்கினேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. வீட்டு வாசலில் வந்து நின்ற கூரியர் பையன் நீட்டிய சீட்டில் இருந்தது வேறு கணக்கு. சுங்க வரி 1,560 ரூபாய். அந்த வரியை எனக்காக அவர்கள் முன்கூட்டிக் கட்டியதற்கு 1,000 ரூபாய் கட்டணம். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 180 ரூபாய். ஆக மொத்தம் 2,740. காசின் விலையையே தாண்டிவிட்டது.

வரி கட்ட மாட்டேன் என்று நான் சொல்ல வரவில்லை. மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறவன் நான். பருப்புக்கும் சோப்புக்கும் என்ன சதவீதம் என்று எனக்கு மனப்பாடம். அதனால்தான் இந்தச் சீட்டைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. பொருளின் விவரம் என்ற இடத்தில் 'உலோக அலங்காரப் பொருள்' என்று எழுதியிருந்தார்கள். அனுப்பியவர் உறையின் மேல் ஒட்டிய சுங்கச் சீட்டிலோ 'பழைய நாணயம், சேகரிப்புக்கு' என்று தெளிவாக இருக்கிறது. சுங்கப் பட்டியலில் நாணயத்துக்கென்றே தலைப்புகள் உண்டு. சாதாரண நாணயம் 7118, சேகரிப்புக்கான நாணயம் 9705. அதிலும் நூறு வருஷம் தாண்டியதற்குத் தனி உட்பிரிவே உலக அளவில் 2022-இல் வந்துவிட்டது. இத்தனையும் இருக்க, எழுநூறு எண்ணூறு வருஷத்துக் காசு எப்படி அலங்காரப் பொருள் ஆகும்? போனில் கேட்டேன். "கணக்கு தாக்கல் ஆயிட்டுது சார், இனி மாத்த முடியாது" என்றார் பேசிய பெண். அவர் கையில் இருப்பது அவ்வளவுதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வரி எதன் மேல் போடப்படுகிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. காசின் விலை மேல் மட்டும் அல்ல, அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்த்த தொகை மேல். முதலில் அடிப்படைச் சுங்க வரி, அந்த வரியில் பத்தில் ஒரு பங்கு சமூக நல கூடுதல் வரி, பொருளின் தொகை, இந்த இரண்டு வரிகள் ஆகிய மூன்றையும் கூட்டிய தொகை மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. விலை உயர்ந்த சாமானுக்குக் கூலி சின்னத் தொகை, அதனால் உறைக்காது. என்னைப் போல 20 பவுண்ட் காசு வாங்குகிறவனுக்குக் கூலியே பாதி. அதற்கும் சேர்த்து வரி கட்டுகிறோம். தங்கக் காசு, வெள்ளிக் காசு கதை வேறு, அவற்றை நான் தொடுவதில்லை. நான் பேசுவது செம்பும் ஈயமும் மட்டும்.

அந்தக் காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகைத் தராசில் வைத்தால் மூன்றரை கிராம் சொச்சம். ஒரு பக்கம் நிற்கிற ஓர் உருவம், தேய்ந்துபோய் கைகால் மட்டும் கோடாகத் தெரிகிறது. மறுபக்கம் தமிழ் எழுத்து. 'சோணாடு' என்பது விரலால் தடவினாலே புலப்படும். கீழே 'கொண்டான்' என்பதில் கடைசி எழுத்து ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. 13-ஆம் நூற்றாண்டில் சுந்தர பாண்டியன் சோழ நாட்டை வென்றதைச் சொல்லும் காசு. இது இங்கிலாந்துக்குப் போனது தற்செயல் அல்ல. கம்பெனிக் காலத்து அதிகாரிகளும் பாதிரிமார்களும் தென்னாட்டுக் காசுகளைத் தேடித் தேடி வாங்கினார்கள். அந்த அதிகாரிகளில் ஒருவரான வால்டர் எலியட் திரட்டியவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. நம் திருநெல்வேலிச் சீமைக் காசுகளைப் பற்றி மட்டுமே லோவெந்தால் என்ற பாதிரியார் 1888-இல் சென்னையில் ஒரு நூலே வெளியிட்டார். அப்படிப் போனவற்றில் சின்னச் சின்னவை இன்று அங்குள்ள வியாபாரிகளின் தட்டுகளில் கிடக்கின்றன.

நூறு வருஷம் தாண்டிய காசைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்று 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம், அதில் ஒரு எழுத்தையும் தளர்த்தக் கூடாது. போகாமல் தடுக்கும் அரசு, திரும்பி வரும்போது வாசனைப் புட்டிக்கும் கைப்பைக்கும் போடுகிற மாதிரி வரி போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பொது அருங்காட்சியகத்தில் வைக்கக் கொண்டுவரும் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. தனியாள் வாங்கினால் இல்லை. பிரிட்டனில் சேகரிப்புப் பொருளுக்கு இறக்குமதி வாட் வரி நடைமுறையில் 5 சதவீதம்தான்.

சிங்கப்பூரிலோ கொழும்பிலோ இருக்கும் சொந்தக்காரர் அன்பாக ஒரு காசு அனுப்பினாலும் இதே நிலைதான். 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு முன்பு இருந்த விலக்கு 2019 டிசம்பரில் போய்விட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயாவுக்கும் போன குடும்பங்கள் எங்கள் பக்கம் எத்தனையோ. சிங்களமும் தமிழும் பொறித்த பழைய இலங்கைச் சதங்களும், 1919, 1920-ஆம் வருஷத்துச் சதுர மலாயா சென்டுகளும் அங்கே சொற்பக் காசுக்குக் கிடைக்கும். தாத்தா சம்பளமாக வாங்கிய காசு எப்படி இருந்தது என்று பேரன் பார்க்க வேண்டுமானால், அந்த ஒரு சென்டுக்கு ஆயிரம் ரூபாய் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. வெளிநாட்டில் வாங்கும் காசுக்கு பில் இருக்கிறது, யாரிடமிருந்து வந்தது என்ற விவரம் இருக்கிறது. இங்கே ஆற்றுப்படுகையில் மணல் அரித்து எடுத்ததாகச் சொல்லி ரகசியமாக விற்கப்படும் காசுக்கு எதுவும் கிடையாது. மண்ணுக்குள் கிடைத்த புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று அகழாய்வு நடந்த இடங்கள் சூழ்ந்த ஊர் நம்முடையது. ஒரு காசு எந்த அடுக்கில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் வரலாறே இருக்கிறது. நேர்வழியில் வாங்குகிறவனுக்கு இரண்டு மடங்கு செலவு வைத்தால், புதிதாகச் சேகரிக்க வருகிற பிள்ளைகள் எந்தப் பக்கம் போவார்கள்? என்னிடம் வரும் கல்லூரி மாணவர்கள் சிலர் இப்போதே "எதுக்கு சார் வெளிநாட்டுல வாங்கணும்" என்று கேட்கிறார்கள்.

தபாலில் வரவழைத்தால் இந்தக் கூரியர் கட்டணம் இல்லை. சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்கத்தார் பார்த்து வரி போட்டு அனுப்புவார்கள். வரியோடு சிறு கட்டணம் மட்டும் நம் தபால்காரரிடமே கட்டிவிடலாம். ஆனால் வெளிநாட்டு வியாபாரிகள் பலர் இப்போது தபாலில் அனுப்பத் தயங்குகிறார்கள், பார்சல் எங்கே நிற்கிறது என்று நடுவில் தெரிவதில்லை என்பதால். அது சரியானால் எங்கள் பிரச்சினையில் பாதி தீரும்.

தங்கம், வெள்ளி அல்லாத பழைய காசு, குறிப்பிட்ட சிறிய மதிப்புக்குள் தனியாள் வாங்கினால் வரி வேண்டாம் என்று நிதி அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும். அதுவரை குறைந்தபட்சம் காசைக் காசு என்று எழுதி, அதற்குரிய தலைப்பிலேயே வரி போடட்டும். தவறாக எழுதினால் வாங்கியவர் இணையத்திலேயே திருத்தக் கேட்கும் வழி வேண்டும். கூரியர் நிறுவனங்கள் தங்கள் கட்டணம் எவ்வளவு என்பதை பார்சலை விடுவிக்க நம்மிடம் ஆதார் நகல் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும், வரியைவிட அது கூடக் கூடாது என்று ஓர் உச்சவரம்பும் வேண்டும். ரெட்டியார்பட்டியில் அகழாய்வுப் பொருட்களுக்கான பொருநை அருங்காட்சியகம் அமைந்திருக்கிற மாவட்டத்திலிருந்து கேட்கிறோம். திருநெல்வேலி, தென்காசி எம்.பி.க்கள் இதை அடுத்த பட்ஜெட்டுக்கு முன் டெல்லியில் எடுத்துச் சொல்ல வேண்டும். பில்லின் நகலும் சுங்கச் சீட்டும் என்னிடம் இருக்கின்றன. தேவைப்பட்டால் தங்கள் அலுவலகத்துக்கே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பலசரக்கு வியாபாரி, அம்பாசமுத்திரம்