ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடக்கும் கரை

ஈஸ்ட்போர்ன்,
இங்கிலாந்து.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அம்மாவும் அண்ணன் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். விடுமுறை நாளிலும் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாயா என்று சென்ற கடிதத்தில் வருத்தத்தோடு கேட்டிருந்தீர்கள். இல்லை அப்பா. மருத்துவமனையில் பணி இல்லாத ஞாயிறுகளில், மழை வலுக்காத வரை, உடன் வேலை செய்யும் தோழியரோடு கடற்கரை மேடுகளில் நடக்கப் போய்விடுகிறேன். தொலைபேசியில் இதையெல்லாம் நிதானமாகச் சொல்ல முடிவதில்லை.

இங்கிருந்து பிரைட்டன் செல்லும் 12ஆம் எண் பேருந்தில் ஏறி எக்ஸீட் என்னும் இடத்தில் இறங்கினால், கக்மியர் ஆறு வளைந்து நெளிந்து கடலை நோக்கிச் செல்லும் பள்ளத்தாக்கு கண்ணில் படும். 1840களில் ஆற்றுக்கு நேராக ஒரு கால்வாயை வெட்டிவிட்டதால், அந்தப் பழைய வளைவுகளில் இப்போது ஓட்டமில்லாமல் நீர் தேங்கி நிற்கிறது. கொக்கும் நாரையும் வந்து இறங்குகின்றன. ஆற்றின் ஓரமாகவே நடந்து கடலை அடைந்ததும் ஏழு சகோதரிகள் என்று பெயர் பெற்ற வெண்ணிறச் செங்குத்துப் பாறைகள் தொடங்குகின்றன. அம்மாவிடம் சொல்லுங்கள், நம் பக்கத்து ஏழு கன்னிமாரை நினைத்துக்கொள்வார். ஒவ்வொரு மேட்டையும் ஏறி இறங்குவதற்குள் கால் தளர்ந்துவிடும். ஆனால் மேட்டின் உச்சியில் காற்று முகத்தில் மோதும்போது, வாரம் முழுவதும் வார்டில் நின்ற அலுப்பு தெரிவதில்லை. அங்கிருந்து பேர்லிங் கேப், பீச்சி ஹெட் வழியாக ஈஸ்ட்போர்னுக்கு நடந்தே திரும்பினால் ஏறக்குறைய 13 கிலோமீட்டர்.

பாறை அத்தனை வெண்மையாக இருப்பதற்குக் காரணம், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் கடலடியாக இருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத பாசியுயிர்களின் சுண்ண ஓடுகள் படிந்து படிந்து இறுகியதுதான். பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியைப் போல அது எளிதில் உதிர்கிறது. அடியில் அலை அரிக்க அரிக்க மேலே உள்ள நிலம் சரிகிறது. பேர்லிங் கேப்பில் வரிசையாக இருந்த பழைய கடலோரக் காவலர் வீடுகளில் சில, கடல் நெருங்கி வந்ததால் இடித்து அகற்றப்பட்டுவிட்டன. 1832இல் கட்டத் தொடங்கிய பெல் டவுட் கலங்கரை விளக்கத்தை, பாறை விளிம்பு அருகில் வந்துவிட்டதால், 1999இல் முழுக் கட்டடமாகவே 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். நான் விளிம்பின் பக்கமே போவதில்லை, பயப்படாதீர்கள். கீழே மணலிலும் கூழாங்கல்லிலும் இறங்குவதாக இருந்தால், அலை ஏறும் நேரத்தை அட்டவணையில் பார்த்துவிட்டுத்தான் இறங்குவோம். ஏற்றநீர் வந்துவிட்டால் பாறைக்கும் கடலுக்கும் நடுவில் வழி இராது.

பீச்சி ஹெட் 162 மீட்டர் உயரம். பிரிட்டனின் சுண்ணக் கடற்பாறைகளில் அதுவே உயரமானது. அங்கே நிற்கும்போதெல்லாம் உங்களைத்தான் நினைக்கிறேன். தொழிற்சங்க அலுவலகச் சுவரில் மார்க்சுக்கு அருகில் படமாக இருப்பாரே, அந்த எங்கெல்ஸ் விடுமுறைக்கு இந்த ஈஸ்ட்போர்னுக்குத்தான் வருவாராம். 1895இல் அவர் மறைந்த பின், அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலை இந்தப் பாறைக்கு அப்பால் கடலில் கரைத்தார்கள். இந்தச் செய்தியைக் கேட்டதும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று கை துடித்தது.

இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும். முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தக் கரையின் மேற்கே பீஸ்ஹேவன் பகுதியில் மேட்டு நிலங்கள் மனைகளாகக் கூறுபோடப்பட்டபோது, இங்கும் அப்படி ஆகிவிடும் என்று மக்கள் அஞ்சினார்கள். ஈஸ்ட்போர்ன் நகராட்சி 1926இல் நாடாளுமன்றத்தில் சட்டம் ஒன்றை நிறைவேற்றச் செய்து, பீச்சி ஹெட்டைச் சுற்றி 4,000 ஏக்கருக்கும் மேலான நிலத்தை வாங்கி, கட்டடம் எழாமல் காத்தது. 2010 முதல் இந்த மேடுகள் முழுவதும் தேசியப் பூங்காவின் பகுதி. நாட்டின் பிற இடங்களிலும் தனியார் வயலின் நடுவே பொது நடைபாதை போகிறது. 'பொது வழி' என்ற பலகையைக் கண்டால் எவரும் நடக்கலாம், நிலத்துக்காரர் தடுக்க முடியாது. வாயிலைத் திறந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், ஆடுகள் மேயும் இடத்தில் நாயைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே நடப்பவர் காக்க வேண்டிய ஒழுங்கு. சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் என்னைப் போன்றவளுக்கு, பேருந்துக் கட்டணத்தைத் தவிர வேறு காசு கேட்காத இந்த மேடுகள் பெரிய கொடை. ஊரில் ஏரிக்கரையை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க நீங்கள் மனு எழுதி அலைந்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்படிப் போராடிய யாரோ சிலரால்தான் இங்கு நான் நடக்கிறேன்.

அடுத்த ஆண்டு மே மாதம் நீங்கள் இருவரும் கட்டாயம் வர வேண்டும். அப்போது குளிர் குறைந்திருக்கும்; புல்மேட்டில் மஞ்சள் பூக்கள் நிறைந்திருக்கும்; வானம்பாடி பாடிக்கொண்டே மேலே ஏறுவதைக் கேட்கலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் மேடு ஏற வேண்டாம். 1870இல் திறந்த பழைய கடற்பாலத்தின் அருகே சமதளமாக நீண்ட நடைபாதை உள்ளது; உட்கார இருக்கைகளும் உண்டு. நீங்களும் நானும் எக்ஸீட்டிலிருந்து நடப்போம். அடி வழுக்காத நல்ல காலணி ஒன்று வாங்கி, இப்போதிருந்தே காலையில் அணிந்து பழகுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அண்ணனிடம் இந்த மாதமே சொல்லிவிடுங்கள். விசா விண்ணப்பத்திற்கு வேண்டிய கடிதங்களை நான் அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மகள்