வாசகர் வட்டம் ஆண்டறிக்கை: மேனனும் நாற்காலி அட்வான்சும்

தலைவர் ஐயா, பொருளாளர் அக்கா, வந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம்னு சொன்னீங்க, இந்த தடவை சுருக்கமா முடிச்சிடலாம்னுதான் உக்காந்தேன், பாக்கலாம்.

உறுப்பினர் 41 பேர், சந்தா கட்டினவங்க 26. கூட்டம் 11 நடந்துச்சு, டிசம்பர்ல மழைனால நடக்கல.

இந்த வருஷத் தலைப்பு, அரசியல்ல இருந்து தூதரா போனவங்க. ஆறு பேரைப் பத்திப் பேசறதாத்தான் பிளான். லண்டன்ல நம்ம தூதரா இருந்து அப்புறம் நேரு மந்திரிசபைல பாதுகாப்பு மந்திரியான வி.கே. கிருஷ்ண மேனன்ல ஆரம்பிச்சோம், அவர்லயே வருஷம் முடிஞ்சு போச்சு. நடுவுல நேருவோட தங்கச்சி விஜயலட்சுமி பண்டிட்டுக்கு ஒரு அரை மணி நேரம் கிடைச்சுது, அதோட சரி.

மொத கூட்டத்துலயே சண்டை. மேனன் அரசியல்வாதியா இருந்து தூதரானவரா, தூதரா இருந்து அரசியலுக்கு வந்தவரான்னு. என்னைக் கேட்டா ரெண்டும்தான். கேரளாவுல பொறந்து, மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்சு, 1924ல லண்டன் போன மனுஷன், 1934ல அங்கயே செயின்ட் பாங்க்ரஸ்ங்கற பகுதில லேபர் கட்சி கவுன்சிலரா ஜெயிச்சு 1947 வரைக்கும் இருந்திருக்காரு, அதாவது நம்மள ஆண்டுக்கிட்டிருந்தவன் ஊர்லயே போய் வீடு வீடா ஓட்டு கேட்டிருக்காரு, இது அரசியல் இல்லேன்னா வேற எது அரசியல்? அங்க நூலகக் கமிட்டியும் அவர்தான் பாத்துக்கிட்டார் (நூலகர் சார் இதை மூணு கூட்டத்துல சொல்லிட்டார், போதும் சார்). கூடவே இந்திய சுதந்திரத்துக்காக லண்டன்ல குரல் குடுத்த இந்தியா லீக்ங்கற சங்கத்தோட செயலாளர் வேலை, 1929லேர்ந்து 18 வருஷம். நான் இந்த வட்டத்துக்கு செயலாளரா இருந்த நாலு வருஷத்துக்கே மூச்சு வாங்கறேன்.

1947ல லண்டன்ல சுதந்திர இந்தியாவோட மொத ஹை கமிஷனர் ஆனார், காமன்வெல்த் நாடுங்களுக்குள்ள தூதருக்கு அதுதான் பேரு. சம்பளம் பேருக்கு ஒரு ரூபா. பெரிய பங்களாவெல்லாம் வேணாம்னு ஆபீஸ் இருந்த இந்தியா ஹவுஸ்லயே ஒரு ரூம்ல தங்கிக்கிட்டு, சோத்தை விட்டுட்டு டீயாவே குடிச்சுக்கிட்டிருந்தாராம். தனக்குன்னு காசு சேக்காத ஆளுன்னு எதிரிங்களே ஒத்துக்குவாங்க. ஆனா ஜீப் விஷயத்துல மாட்டினதும் இதே ஆளுதான்.

1948, காஷ்மீர்ல சண்டை, ராணுவத்துக்கு அவசரமா ஜீப் வேணும். மேனன் 2,000 பழைய ஜீப்பை சரிபண்ணித் தரச் சொல்லி ஒப்பந்தம் போடறார், மொத்தம் சுமார் 80 லட்சம் ரூபா. எடுத்துக்கிட்ட கம்பெனியோட மூலதனம் வெறும் 605 பவுண்ட். முறையா டெண்டர் நடைமுறை எதுவும் இல்ல, பெரிய தொகை முன்பணமாவே போயிடுச்சு, வந்து சேந்தது 155 ஜீப், அதுவும் ஓடற நிலைமைல இல்லேன்னு ராணுவம் ஒதுக்கிடுச்சு. இதைப் பாத்த அனந்தசயனம் அய்யங்கார் கமிட்டி, நீதிபதி வச்சு விசாரிக்கணும்னு சொல்லியும் ஒண்ணும் நடக்கல. 1955 செப்டம்பர்ல உள்துறை மந்திரி பந்த் கேஸ் முடிஞ்சுதுன்னுட்டார், அடுத்த பிப்ரவரில மேனன் நேரு மந்திரிசபைக்குள்ள. நேரு மேல எவ்வளவு மரியாதை இருந்தாலும் இந்த இடத்துல எனக்கு கோவம்தான் வருது, இதை நான் மூணு கூட்டத்துல சத்தமாவே பேசினேன்.

இங்கதான் பொருளாளர் அக்கா எழுந்து, "அப்ப நம்ம நாற்காலி?"ன்னு கேட்டாங்க.

ஒத்துக்கறேன். ஒரு பழைய சாமான் கடைல 30 நாற்காலிக்கு சொல்லி, கமிட்டி தீர்மானம் இல்லாமலே 6,000 ரூபா அட்வான்ஸ் குடுத்தது நான்தான். ஆண்டு விழாவுக்கு நாலு நாள்தான் இருந்துச்சு, அவசரம். வந்தது 12, அதுல 5 ஆடுது. ரசீது வாங்கல. விலை விசாரிச்சது ஒரே கடைலதான். அன்னைலேர்ந்து சிலர் என்னை ஹை கமிஷனர்னு கூப்பிடறாங்க, பரவால்ல.

மேனனோட மீதிக் கதையை அவசர அவசரமா முடிச்சோம். 1957 ஜனவரில ஐநா பாதுகாப்பு கவுன்சில்ல காஷ்மீர் பத்தி ரெண்டு நாளா சேத்து கிட்டத்தட்ட 8 மணி நேரம் பேசினது, அதே வருஷம் பாதுகாப்பு மந்திரி ஆனது, 1959ல அவரோட மோதல் முத்தி ராணுவத் தளபதி திம்மையா ராஜினாமா கடிதம் குடுக்கற அளவுக்குப் போனது, 1962 சீனப் போர் தோல்வில பதவி போனது, எல்லாம் ஒரே ஞாயித்துக்கிழமைல. 1967ல காங்கிரஸ் சீட் குடுக்காம சுயேச்சையா நின்னு தோத்து, அப்புறம் 1969ல மிட்னாபூர்லயும் 1971ல திருவனந்தபுரத்துலயும் ஜெயிச்சதை பாதிப் பேரு கேக்கவே இல்ல, டீ வந்துடுச்சு.

டீ செலவு 7,340 ரூபா. புத்தகச் செலவை விட ஜாஸ்தி, தணிக்கையாளர் சிவப்பு மைல வட்டம் போட்டிருக்கார்.

மீதி 18 நாற்காலி ஆனி மாசத்துக்குள்ள தரேன்னு கடைக்காரர் சொல்லியிருக்கார். வரலேன்னா என் கைக்காசு, மாசம் 500 ரூபான்னு பிடிச்சுக்கங்க. பந்த் மாதிரி முடிஞ்சுதுன்னு எழுதிக்க அக்கா விடமாட்டேங்கறாங்க, அதனால இந்த வருஷ கணக்குல அது நிலுவைன்னே நிக்குது.

அப்புறம், சுவரோரமா இருக்கற அஞ்சு நாற்காலில மட்டும் இன்னைக்கு யாரும் உக்காராதீங்க.