மருத்துவமனை நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

இரத்ததான முகாமும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழுக் கூட்டங்கள் சில, போதிய உறுப்பினர்கள் வராததால் ஒத்திவைக்கப்பட்டன.

நாம் துணைநிற்கும் மருத்துவமனை இவ்வாண்டு கட்டண வார்டு தொடங்கியது. “ஏழைகளுக்கென்று கட்டியதை வியாபாரமாக்கிவிட்டார்கள்” என்று உறுப்பினர்கள் பலர் என்னிடம் தனித்தனியே வருத்தப்பட்டார்கள். அதைப் பேசுவதற்கென்றே கூட்டிய சிறப்புக் கூட்டத்துக்கு அவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. எனவே அன்று சொல்ல வேண்டியதை இன்று சொல்கிறேன்.

மருந்து, கருவி, சம்பளம் எல்லாம் ஏறுகின்றன, நன்கொடை ஏறவில்லை. நம் மருத்துவமனையில் தொழில் பழகிய செவிலியரைத் தனியார் மருத்துவமனை கூடுதல் ஊதியம் தந்து அழைத்துக்கொள்கிறது. பணம் கட்டக்கூடிய நோயாளியும் அங்கேயே போய்விடுகிறார். கட்ட முடியாதவர்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மருத்துவமனையும் நெடுநாள் ஓடாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியபோதே, கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் இலவச அறுவை சிகிச்சையும் நடக்கும்படி அமைத்தார். கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாது என்பதால் 1992-இல் ஆரோலேப் என்ற தங்கள் தயாரிப்பு நிறுவனம் வழியாக லென்ஸைத் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். அங்கே யாரும் அதை வியாபாரம் என்று பழிக்கவில்லை.

ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. கட்டண வார்டுக்கு இடம் போதவில்லை என்று இலவசப் படுக்கை ஒவ்வொன்றாகக் குறையும். யாரும் அறிவிக்க மாட்டார்கள். காசில்லாதவர்களை அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்தே வேறு மருத்துவமனைக்குத் தள்ளிவிடும் வழக்கத்தைத் தடுக்க அமெரிக்காவில் 1986-இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அதனால்தான் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்தேன்: இரு வார்டுக்கும் அதே மருத்துவர்கள், அதே அறுவை அரங்கு, மாதந்தோறும் இலவசப் படுக்கைக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. முதல் இரண்டை நிர்வாகம் ஏற்றது. மூன்றாவதற்கு இன்னும் பதில் இல்லை. நான் விடப்போவதில்லை.

அடுத்தது, நோயாளிகளின் காப்பீட்டுக் காகிதங்களைச் சரிபார்த்துத் தரும் நம் உதவி மேசை. இதை நான் முன்மொழிந்தபோது தேவையற்றது என்றவர்கள் உண்டு. காப்பீட்டுத் திட்டம் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை வகுத்துவிடுகிறது. நோயாளி கூடுதல் நாள் தங்கினால் நட்டம் மருத்துவமனைக்கு. ஒரு சான்றிதழ் குறைந்தாலும் காப்பீட்டுத் தொகைக்கான கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. ஏற்கப்பட்ட தொகையும் தாமதமாகவே வருகிறது. இப்படி இரண்டு மூன்று கோரிக்கைகள் கைவிட்டுப் போனால், சிக்கலான நோயுள்ள ஏழையைச் சேர்க்கவே மருத்துவமனை தயங்கும். உதவி மேசையில் நம் தொண்டர்கள் குடும்ப அட்டை, வருமானச் சான்று, மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றை முன்கூட்டியே சரிபார்த்துக் கொடுக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயின் காகிதத்தைச் சரிசெய்து கொடுப்பது, அவர் பிள்ளைக்கு ஒரு படுக்கையைப் பெற்றுத் தருவதற்குச் சமம். இதைவிட உருப்படியான வேலை எதையும் நம் சங்கம் அண்மையில் செய்ததாக நான் நினைக்கவில்லை.

ஆயினும் மேசைக்குப் பெயர் கொடுத்தவர்களில் தொடர்ந்து வருபவர்கள் சிலரே. மாலையில் ஆளில்லாத நாட்களில் நோயாளிகள் காத்திருந்து திரும்பிப் போகிறார்கள். இதை எழுதும்போதே மனம் பொறுக்கவில்லை.

வரவு செலவு ஏறத்தாழச் சமமாக உள்ளது. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார், தணிக்கை முடிந்துவிட்டது. சந்தா பாக்கி கணிசமாக இருக்கிறது. பாக்கி வைத்திருப்போரில் பலர் வசதியானவர்கள் என்பதால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர்களை இங்கே வாசிக்கவில்லை.

தலைவர், பொருளாளர், மருத்துவமனைக் கண்காணிப்பாளர், கூடம் தந்து உதவியவர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டு செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றால் மகிழ்வேன். யாரும் முன்வராவிட்டால் தொடர்வதில் எனக்குத் தடையில்லை; ஆனால் மாலை நேர மேசைக்கு வாரத்தில் ஒரு நாளாவது வரக்கூடியவர்கள் வேண்டும். அதற்கான பதிவேடு வாசலருகே இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகத்தையும் அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

இவண்,
செயலாளர்